மெத்தைச் சுவருக்குள் ஓர் அலுவலகம்

வீட்டிலிருந்தே வேலை பார்க்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், தலைநகர் பிஷ்கெக்கின் கடைக்காரன் மூச்சு விடாமல் சொல்லுவான். அவன் சொன்னவை அனைத்தையும் ஊலான் வாங்கிவந்து தன் மனைவி ஜாங்கிலின் முன் பரப்பினான். காதை முழுதும் மூடும் ஹெட்போன், அதன் ஓரத்தில் வளைந்து நீண்ட மைக், மடிக்கணினிக்கு ஒரு தாங்கி, முகத்துக்கு ஒளி கூட்டும் வட்ட விளக்கு. மின்சாரம் போனால் கைகொடுக்க, முற்றத்தில் பழுதாகி நின்ற லாரியின் பேட்டரியைக் கழற்றி இன்வெர்ட்டரோடு இணைத்தும் கொடுத்தான். எல்லாம் வந்தன. அமைதி மட்டும் வரவில்லை. அதை விற்கும் கடை அந்த நகரத்திலும் இல்லை.

அவர்கள் வாழ்ந்த அத்பாஷி என்னும் மலையூரில் எந்த வீட்டுக் கதவுக்கும் பகலில் தாழ்ப்பாள் இல்லை. வருகிறவர் வரலாம், அமரலாம், தேநீர் பருகலாம். அந்தத் தேநீரை ஊற்ற வேண்டியவள் வீட்டின் மருமகள். அவள் பட்டம் பெற்றவளா, பணியில் இருப்பவளா என்று கிண்ணத்தை நீட்டும் கை கேட்பதில்லை.

ஜாங்கிலின் மாமியார் காலிபாவும் கேட்கவில்லை. விமானப் பயணச்சீட்டு நிறுவனம் ஒன்றில் மருமகள் தொலைபேசி வழியே வேலை பார்க்கப்போகிறாள் என்று மகன் சொன்னபோது, அவள் கையிலிருந்த ரொட்டியைப் பிட்டபடியே தீர்ப்புச் சொன்னாள்.

"வீட்டுல உக்காந்து வாயால பண்றதெல்லாம் வேலைன்னா, இந்தத் தெருப் பொம்பளைங்க எல்லாருக்கும் சம்பளம் வரணுமேடா."

விறகு சுமந்தாலும், மாடு கறந்தாலும், சாணம் தட்டி உலர்த்தினாலும், வீட்டுக்குள் பெண் செய்வதற்கு வேலை என்ற பெயரைத் தர மறுத்த உலகம் இது. சம்பளத்தோடு ஒரு வேலை படியேறி வந்து நின்றபோதும் அந்த மறுப்பு அசைந்து கொடுக்கவில்லை. ஊலானின் சித்தப்பா ஒரு படி மேலே போனார். நிறுவனத்தின் இறுதித் தேர்வில் ஜாங்கில் தேறாவிட்டால், மறுநாளே சந்தையில் தம் இறைச்சிக் கடைக்கு அவள் வந்து நிற்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார். கத்தியைக்கூடத் தீட்டி வைத்திருந்தார்.

தேர்வு எளிதானதுதான். கோபக்காரப் பயணியாக ஒருவர் நடிப்பார். அவரைச் சமாதானப்படுத்திப் பயணத் தேதியை மாற்றித் தர வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: பின்னணியில் வீட்டு ஓசை கேட்கக் கூடாது.

ஜாங்கில் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில், மரப்பெட்டியின் மேல், கூரையை முட்டும் உயரத்துக்கு மாமியாரின் மெத்தைகள் அடுக்கப்பட்டிருந்தன. அந்த அடுக்கு உயர உயரக் குடும்பத்தின் மதிப்பும் உயரும் என்பது ஊர் அறிந்த கணக்கு. அதன்மேல் கை வைக்கத் துணிவு வேண்டும். ஜாங்கிலுக்குத் துணிவோடு தந்திரமும் இருந்தது. ஒரே அடுக்காக இருந்தால் பின்னால் இருப்பவை மறைந்துவிடுகின்றன, மேசையைச் சுற்றி நான்கு சுவராக அடுக்கினால் வருகிறவர் கண்ணில் ஒன்றுவிடாமல் படும் என்று பணிவோடு எடுத்துரைத்தாள். காலிபா சிறிது யோசித்தாள். பிறகு அவளே முந்திக்கொண்டு மெத்தைகளைச் சுமந்து வந்தாள்.

சுவர் அருமையாக எழுந்தது. உள்ளே அமர்ந்தால் தன் மூச்சே தனக்குக் கேட்டது. கேடு வெளியிலிருந்து வந்தது. தன் மருமகள் மெத்தைக் கோட்டைக்குள் அமர்ந்து பிஷ்கெக்கோடு பேசுகிறாள் என்று காலிபா சந்தையெங்கும் பெருமை பேசிவிட்டாள். தேர்வு நாளன்று தெருப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கோட்டையைப் பார்க்க வந்தார்கள்.

வந்த விருந்தினரை வெறுந்தரையில் அமர்த்த முடியுமா? காலிபா சுவரிலிருந்து ஒரு மெத்தையை உருவி விரித்தாள். அடுத்தவள் வந்தாள், அடுத்த மெத்தை. உள்ளே ஜாங்கில் அப்போதுதான் வணக்கம் சொல்லித் தேர்வைத் தொடங்கியிருந்தாள். இருண்டிருந்த மேசைமேல் திடீரென்று வெளிச்சம் விழுந்தது. நிமிர்ந்தாள். சுவர் நெற்றி வரை இறங்கியிருந்தது. அடுத்த முறை நிமிர்ந்தபோது தோள் வரை. மாமியாரைத் தடுக்கவோ, பேச்சை நிறுத்தவோ வழியில்லை. கண்ணால் கெஞ்சினாள். விருந்தினர் போதவில்லை என்று மருமகள் சொல்வதாக எண்ணிக் காலிபா வாசலை எட்டிப் பார்த்தாள்.

ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. பெண்கள் எவரும் வாய் திறக்கவில்லை. பிஷ்கெக்காரன் என்ன பேசுகிறான் என்று கேட்கும் ஆவலில் தேநீரைக்கூட உறிஞ்சாமல் கிண்ணத்தை உதட்டிலேயே வைத்திருந்தார்கள். ஒருத்திக்குத் தும்மல் வந்தபோது பக்கத்திலிருந்தவள் அவள் மூக்கைப் பிடித்துவிட்டாள். பஞ்சால் கட்டிய அமைதியைவிட ஆவல் கட்டிய அமைதி உறுதியாக இருந்தது.

அந்த அமைதியே வினையாயிற்று. கோபப் பயணியாக நடித்த இளைஞன் தமிர் தன் பங்கை உயிரைக் கொடுத்து நடித்துக்கொண்டிருந்தான். ஹெட்போனைத் தாண்டி அவன் கத்தல் அறை முழுதும் கசிந்தது. அறிவில்லையா என்றான். உன்னைப் போன்றவர்களை வேலைக்கு வைத்தது யார் என்றான். ஜாங்கில் தாழ்ந்த குரலில் பொறுமை காக்கும்படி வேண்டினாள். அவன் மேலும் கத்தினான்.

மருமகளை அதட்டும் உரிமை தனக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்த காலிபாவுக்கு அது பொறுக்கவில்லை. எஞ்சியிருந்த சுவருக்கு மேலாகக் கை நீட்டி ஹெட்போனைப் பிடுங்கித் தன் முக்காட்டின்மேல் மாட்டிக்கொண்டாள். மைக் நெற்றிக்கு நேராக நின்றது. அதுபற்றி அவள் கவலைப்படவில்லை. அவள் குரலுக்கு மைக் தேவையுமில்லை.

"யாருடா தம்பி நீ? எந்த ஊரு, யாரு புள்ள?"

ஜாங்கிலின் கண்முன் தீட்டிய கத்தி மின்னியது. வயதில் மூத்தவள் ஒருத்தி யார் பிள்ளை என்று கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் தமிர். நடிப்பு, தேர்வு, நிறுவனம் அனைத்தும் அவனுக்கு மறந்துபோயின. மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் 'அபா' தானாக வாயில் வந்தது.

"வணக்கம் அபா. கச்கோர் ஊரு, சூயுன்பெக்கோட பையன். எங்க தாத்தா பேரு தோல்பாய்."

"தோல்பாய் பேரனா நீ? அந்த மனுசன் ஆட்டுக்குக்கூட அதட்டல் போட மாட்டாரே. அவர் வீட்டுல பொறந்துட்டு, அடுத்த வீட்டுப் பொண்ணுகிட்ட இப்படித்தான் பேசுவியா?"

"தப்புதான் அபா. இது சும்மா நடிப்பு..."

"கத்துறதுக்குச் சம்பளமா உனக்கு? அம்மா நல்லா இருக்காங்களா?"

முழங்கால் வலி என்றான். காலிபா அதற்கு மருந்து சொல்லத் தொடங்கினாள். அந்த இடைவெளியில் ஜாங்கில் எழுந்து, இரு கைகளாலும் மெல்ல ஹெட்போனை மீட்டுத் தன் தலையில் பொருத்திக்கொண்டாள்.

"காத்திருந்ததற்கு நன்றி ஐயா. வியாழக்கிழமை காலை விமானத்தில் ஜன்னலோர இருக்கை காலியாக உள்ளது. மாற்றித் தரட்டுமா?"

தமிர் மீண்டும் கத்த வாயெடுத்தான், முடியவில்லை. மாற்றித் தாருங்கள் என்று முணுமுணுத்தான்.

இதுவரை அதே இணைப்பில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த நிறுவன மேலதிகாரி நெசிபா அப்போது குறுக்கிட்டார். நிபந்தனை மீறப்பட்டது என்றார். ஜாங்கில் கண்களை மூடிக்கொண்டாள். ஆனால், அந்த அம்மையாரின் கேள்வியில் எங்கள் ஆளே வேலையை மறந்துவிட்டான், மறக்காமல் வேலை பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று தொடர்ந்தார்.

"உடனே ரெண்டு உண்மையான அழைப்பு தர்றேன். ஒரு சின்னச் சத்தம்கூட வராம அதை முடிச்சிட்டீங்கன்னா வேலை உங்களுக்கு. முடியுமா?"

ஜாங்கில் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மாமியாரிடம் அதைச் சொன்னாள். பெண்கள் தங்கள் கூட்டாளி மூக்கை விட்டுவிட்டு ஒரே நேரத்தில் கருத்துரைக்கத் தொடங்கினார்கள். தும்மலும் வெளிவந்தது. ஒருத்தி, பழக்கம் போகாமல், காலிக் கிண்ணத்தை ஜாங்கிலின் பக்கம் நீட்டினாள்.

அந்தக் கிண்ணத்தைக் காலிபா வாங்கினாள். மருமகளாய் வந்த காலம் போனபின் அவள் தேநீர்ப் பானையைத் தொட்டதே இல்லை. இன்று தொட்டாள். அந்த ஊரில் விருந்தினருக்குக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறோம் என்பது அதன் பொருள். விளிம்பு வரை நிரப்பினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று பொருள்.

காலிபா ஒவ்வொரு கிண்ணத்தையும் விளிம்பு தளும்ப நிரப்பினாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் இப்படி ஒரு கிண்ணத்தை அவர்கள் கண்டதில்லை.

"கோவிச்சுக்காதீங்கடி," என்றாள் காலிபா, கிசுகிசுப்பாக. "புள்ள வேலையில இருக்கா."

அவர்கள் சூட்டோடு சூடாகக் குடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். காலிபா மெத்தைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து சுவரைத் திரும்ப எழுப்பினாள். கடைசி மெத்தை ஏறியபோது, உள்ளே முதல் அழைப்பு ஒலித்தது.