கையை எடுத்தாலும் நிற்கிற கதவு

அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வாசல் படி இறங்கியபோது எதிர்வீட்டில் மூன்று பேர், பக்கத்து வீட்டில் இரண்டு பேர், தெருவில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் என்று மொத்தம் ஆறு பேர் பார்த்தார்கள். அவள் எண்ணிவிட்டாள். வயது நாற்பத்தாறு, பல் செட் செய்யும் பட்டறையில் ஐந்து பேரை வேலை வாங்குகிறவள், அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு காலில் செருப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். அவமானத்தில் காது சுட்டது.

எல்லாம் கராஜ் கதவு செய்த வேலை. முதுகெலும்பில் அறுவை நடந்து கால்கள் ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு, அந்த வீட்டுக்கு உண்மையான வாசல் கராஜ்தான். முன்வாசலில் எட்டுப் படி, அதன் கடைசிப் படி நேராகத் தெருவில் போய் இறங்கும். சரிவுப் பாதை கட்ட ஒரு சாண் இடம் கிடையாது. சமையலறையிலிருந்து சக்கர நாற்காலியை உருட்டினால் கராஜ், அங்கே கையாலேயே ஓட்டும்படி மாற்றிய கார், ரிமோட்டை அழுத்தினால் நான்கு பலகைகளாக மடிந்து கூரையோடு போய்ப் படுத்துக்கொள்ளும் மரக்கதவு. அன்று காலை ரிமோட்டை அழுத்தியதும் மேலே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கதவின் பாரத்தைத் தாங்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்துவிட்டது. அண்ணன் தன் கடை ஆட்கள் இருவரோடு வந்து, மூன்று பேராக மூச்சுப் பிடித்துத் தூக்கியும் கதவு முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை.

"போதும் பாப்பா. நம்ம வீட்டுல கீழ் ரூமு சும்மாதானே இருக்கு, அங்க வந்துடு" என்றான் அண்ணன், தன் காரில் அவளை உட்கார வைத்த கையோடு. அவனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். கழன்று விழுந்த செருப்பைத் தேடி எடுத்து வந்து அவள் காலில் மாட்டினான். அதனால் அவளால் கத்தவும் முடியவில்லை.

"ஒரு வருஷம் குடு. அந்தக் கதவு இன்னொரு தடவை திறக்கலன்னா, பெட்டியோட நானே வரேன்."

"ஒரே ஒரு தடவை மாட்டினாலும் வரணும்."

"வரேன்."

உடைந்த ஸ்பிரிங்கை மாற்றக் கதவு மெக்கானிக் வந்தார். போனில் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு மறுநாள் வருகிறவர் என்பதால் அண்ணி அவருக்கு 'இதோ' என்றே பெயர் வைத்திருந்தாள். இன்னொரு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றலாமா என்று அவர் கேட்டார். நல்லா இருக்கிறதை எதற்குத் தொடுவது என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவள் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு கதவுக்கு என்று ஆனது. கதவு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்ற ஆசையில், முதல் ஞாயிறே இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் கிரீஸை அப்பு அப்பென்று அப்பினாள். பல்லுக்கு மெழுகு பூசுகிற கை. ஒரு இடம் விடவில்லை. இரண்டு மாதத்தில் தெருப் புழுதி முழுக்க அதில் வந்து ஒட்டிக் களிமண் ஆயிற்று. கதவு பாதி வழியில் திக்கித் திணறி, போனால் போகிறது என்று மேலே ஏறியது. உடனே போன் போட்டாள். 'இதோ' வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரோட்டுக்கு எண்ணெய் ஊத்திட்டு சக்கரத்தக் காயப் போட்டிருக்கீங்க. தண்டவாளத்தத் துடைக்கத்தான் செய்யணும். எண்ணெய் உருளைக்கும் கீலுக்கும்."

மூன்று மாலை, மண்ணெண்ணெய்த் துணியோடு சுரண்டினாள். கை எட்டாத உயரத்துக்கு ஒட்டடைக் கம்பில் துணியைச் சுற்றினாள். மேல் உருளைகளுக்காக எண்ணெய் டப்பாவின் மெல்லிய குழாயில் இன்னொரு குழாயைச் செருகி நீட்டினாள். முதல் தடவை எண்ணெய் முழுக்க அவள் தலையில்தான் விழுந்தது. இரண்டாவது தடவை உருளையில் விழுந்தது.

வெயில் காலத்தில் கதவின் அடி ரப்பர் வெடித்தது. மழை வருமுன் மாற்றினாள். மழையில் ஒரு நாள் கதவு மூட மாட்டேன் என்று பாதி இறங்கிப் பாதி ஏறி அடம் பிடித்தது. குறுக்கே ஏதாவது இருந்தால் கதவை மூட விடாத, தரையோடு இருந்த சென்சார் கண்ணில் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அவள் அதைக் காலி செய்ய வைத்தாள். மோட்டாரிலிருந்து கதவைக் கழற்றிவிடும் சிவப்புக் கயிறு கூரையில் தொங்கியது, எட்டவில்லை. அதனோடு துணி காயப்போடும் கயிற்றை முடிந்து தன் மடிவரை இறக்கினாள். ஸ்பிரிங்கை மட்டும் அவள் தொடவேயில்லை. அது கையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று 'இதோ' சொல்லியிருந்தார், அவளுக்கு மிச்சமிருப்பது கைதான்.

ஸ்பிரிங்கைத் தொடாமலே அதன் உடம்பைப் பார்க்க ஒரு வழி இருந்தது. கதவு மூடியிருக்கும்போது கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றி, கையால் பாதி உயரம் தூக்கிவிட்டு, மெதுவாகக் கையை எடுக்க வேண்டும். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நலம். எட்டு மாதமும் நின்றது. ஒன்பதாவது மாதம் கையை எடுத்ததும், தூக்கம் வந்தவன் தலை மாதிரி, கதவு மெல்லக் கீழே சரிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ரிமோட் அழுத்தினா திறக்குதுல்ல?"

"திறக்குது. மோட்டார் முக்கி முக்கித் தூக்குது."

"திறக்குதுன்னா விடேன். இல்லாத நோவுக்கு எதுக்கு வைத்தியம்?"

சரிதான் என்று தோன்றியது, அரை நிமிடம். பிறகு, அண்ணன் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது பார்த்த அந்த ஆறு பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். 'இதோ'வைக் கூப்பிட்டாள். அவர் மறுநாள் வரவில்லை. அவள் ஒரு நாளைக்கு நான்கு தடவை கூப்பிட்டதில் மூன்றாம் நாள் ஓடி வந்தார். புது ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. அன்று விட்டுவைத்த பழசுதான் சோர்ந்துபோயிருந்தது. இந்த முறை இரண்டையும் சோடியாக மாற்றச் சொன்னாள்.

வருடம் முடிகிற நாள் காலையில் அண்ணன் வந்தான், கையில் இரண்டு காலிப் பெட்டியோடு. கதவு மாட்டும் என்று நினைத்தானோ, மாட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டானோ, அவனுக்கே தெரியாது. பட்டறையில் ஒருவர் புதுப் பல் வாங்க ஒன்பது மணிக்கு வருகிறார். அவள் கராஜுக்குள் வந்து ரிமோட்டை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். தெரு முழுக்க மின்சாரம் போயிருந்தது.

அண்ணன் பெட்டிகளை மெதுவாகத் தரையில் வைத்தான். "உன் தப்பு இல்ல பாப்பா. ஆனா பேச்சு பேச்சுதானே. வா, நான் தூக்கிக்கறேன்."

"அங்கேயே நில்லு."

"மூணு ஆம்பளைங்க தூக்கி வராத கதவு இது."

"அண்ணா, நில்லு."

மடிக்கு எட்டிய கயிற்றை இழுத்தாள். மேலே 'டக்' என்றது. நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டினாள். குனிந்து கைப்பிடியில் வலது கையைக் கொடுத்தாள். பன்னிரண்டு ஞாயிறு செய்து பார்த்த வேலைதான், ஆனால் எந்த ஞாயிறும் வீட்டைப் பணயம் வைத்துச் செய்ததில்லை. தூக்கினாள். கதவு வந்தது. முழங்கால், மடி, நெஞ்சு. அங்கே கையை எடுத்தாள்.

கதவு நின்றது.

அண்ணன் பிடிக்கப் பாய்ந்தவன் பாதியில் நின்றான். அவள் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கதவின் அடியில் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். நான்கு பலகையும் சத்தமில்லாமல் மடிந்து மேலே போய்ப் படுத்தன. தெரு வெளிச்சம் காரின் மேல் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அண்ணனுக்குக் காட்டாமல் காரில் ஏறி, நாற்காலியை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கதவ மூடிட்டுப் போ" என்றாள் ஜன்னல் வழியாக. "ஒரு கை போதும். முன்வாசல் வழியா எறங்கிக்கோ, உனக்குப் படி பிரச்சினை இல்லையே. பெட்டிய மறந்துடாத."

தெருவுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தாள். அண்ணன் பழைய ஞாபகத்தில் கால்களை அகட்டி ஊன்றி, இரண்டு கையாலும் கதவைப் பிடித்திருந்தான். அது லேசாக இறங்கிவரவே தடுமாறிப்போய் ஒரு கையை எடுத்தான். நெஞ்சு உயரத்தில் இன்னொரு கையையும் எடுத்துப் பார்த்தான். கதவு நின்றது. மேலே தள்ளினான், மறுபடி இறக்கினான், மறுபடி கையை எடுத்தான். எதிர்வீட்டில் மூன்று பேர் வெளியே வந்து அவனை வேடிக்கை பார்த்தார்கள். அவள் தெரு முனையில் திரும்பும்போதும் அவன் கதவை மூடியிருக்கவில்லை.