பூஜ்ஜியம் போட்ட பதினோரு பேர்

அக்காவுக்கு இதயம் பலவீனம். இந்த வருடம் மட்டும் ஐந்து முறை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஐந்து முறையும் துணைக்கு இருந்து எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. என் வேலையும் அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுப் பிரிவில்தான். ஒரு நோயாளி எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்து படுக்கிறார், எந்த மாத்திரை அதைக் குறைக்கிறது என்று பார்க்கும் புள்ளியியல் வேலை.

பழைய மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால், புது மாத்திரை சாப்பிட்டவர்கள் பாதித் தடவைதான் திரும்பி வந்திருந்தார்கள். பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "திங்கக்கிழமை உங்க அக்காவுக்கும் மாத்திடலாம்மா," என்றார். ஒரு மாதமாவது வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எனக்கும் ஆசை.

ஆய்வு அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பட்டியலைப் புரட்டினேன். புது மாத்திரைக் குழுவில் பதினோரு பேருக்கு மாதாமாதம் பூஜ்ஜியம். அதற்கு முன் மூன்று, நான்கு முறை வந்து படுத்தவர்கள். திடீரென்று அத்தனை பேருக்கும் குணமாகிவிட்டதாம். அவ்வளவு நல்லது நடந்து நான் பார்த்ததே இல்லை.

பதிவு செய்யும் பெண்ணிடம் கேட்டேன்.

"அவங்க அட்மிட்டே ஆகலக்கா. ஆகலன்னா பூஜ்ஜியம் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். படிவத்தில் இறப்புக்கு ஒரு கட்டம் வைக்காத புத்திசாலியும் நான்தான்.

முதல் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார். "அவர் தவறி எட்டு மாசமாச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பதான் கேக்குறீங்களா?"

பதினோரு பேரில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். பழைய மாத்திரைக் குழுவிலும் விசாரித்தேன். அங்கே இரண்டே பேர். இறப்பையும் சேர்த்துக் கணக்கிட்டதும் புது மாத்திரையின் மகிமை காணாமல் போனது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஏமாற்றம் பெரிதாக இருந்தது. அந்தப் பொய் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. தாளைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உடனே நிறுத்திடுவோம்," என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டாள். "என்னடி, புது மாத்திரை தர்றாங்களா? இனிமே அங்க வந்து படுக்க வேண்டாம்ல?"

"இல்லக்கா. உனக்குப் பழசுதான்."

"அப்ப மறுபடியும் வரணுமா? உன்னைப் பாத்தா பாவமா இருக்குடி."

"வரணும்," என்றேன். "நீ வந்துக்கிட்டே இருக்கணும்க்கா."