மஞ்சள் கோடு

பொகவந்தலாவைக் குளிரில் வெறுங்கையால் சிலிண்டரைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும். விடிந்தும் விடியாத வேளையில் ஜீவராணி பழைய சீலைத் துணியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, லொறியிலிருந்து இறங்கிய வெற்றுச் சிலிண்டர்களைச் சாய்த்து உருட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோனாள். தராசில் ஏற்றி, குழாயை மாட்டி, திருகைத் திறந்தால் எரிவாயு சீறிக்கொண்டு உள்ளே இறங்கும். நிறைந்ததும் மூடிக் கழற்ற வேண்டும். கழற்றும்போதெல்லாம் ஒரு மூச்சு வெளியே கசியும். அந்த அழுகல் நாற்றம் தலைமுடியில் ஏறி, சோற்றிலும் படுக்கையிலும் கூடவே வந்தது.

அது ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை. தோட்டம் அதை மூடிப்போட்டு, ஹட்டன் வியாபாரி செல்லசாமிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. கொழுந்து வாட்டிய இடத்தில் இப்போது சிலிண்டர்கள் நின்றன. கொட்டகையிலிருந்து புறப்பட்ட, மழைநீர் ஓடும் ஒரு கான், தேத்தண்ணிக் கொட்டிலை ஒட்டிச் சரிந்து, கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பணிய லயத்தின் வாசல்வரை ஓடியது. அந்த லயத்தில்தான் ஜீவராணி குடியிருந்தாள். தொழிலாளர்களுக்குத் தேத்தண்ணி போடும் பெற்றீசியா அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் இருந்தாள்.

அனுமதியைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, அனுஷ்கா என்ற எஞ்சினியரை முதலாளி செல்லசாமி கொழும்பிலிருந்து வரவழைத்தார். அந்தப் பெண் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கானுக்குள்ளேயே இறங்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு நிறத்தில் கோடு போடச் சொல்லி, வேலையாட்களைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"செவப்புக்குள்ள வேல நடக்கும்போதே கேஸ் தேங்கி நிக்கும். மஞ்சளுக்குள்ள ஏதாவது ஒடஞ்சாத்தான் வரும். வந்துட்டா ஒரு பொறி போதும். இந்த கேஸ் காத்தவிடக் கனம். தண்ணி மாதிரி பள்ளத்தப் பாத்துதான் ஓடும்."

சிவப்புக் கோடு கொட்டகையோடு முடிந்தது. மஞ்சள் கோடு கானையும் தேத்தண்ணிக் கொட்டிலையும் வளைத்துக்கொண்டு, பணிய லயத்தின் முதல் படியில் போய் நின்றது. அந்தக் கோட்டுக்குள் அடுப்பு எரியக்கூடாது, கானை மூடித் திருப்ப வேண்டும், சுவிட்சுகளையெல்லாம் மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுடைய வாகனம் வளைவில் மறைந்ததும் செல்லசாமி ஜீவராணியையும் பெற்றீசியாவையும் கூப்பிட்டார்.

"தின்னர் எடுத்து அந்த மஞ்சள அழிச்சிருங்க. செவப்பு இருக்கட்டும்."

"ஐயா, அந்த எஞ்சினியர் நோனா இப்பத்தானே சொல்லிட்டுப் போறாங்க..." என்று இழுத்தாள் ஜீவராணி.

"ஏதாவது ஒடஞ்சாத்தானே மஞ்சளுக்கு வேல? ஒடயாமப் பாத்துக்கிறது ஒங்க வேல. நான் கானக் கட்டிக்கிட்டு நின்னா ஒங்களுக்கு யாரு சோறு போடுறது?"

பெற்றீசியா முட்டிபோட்டுக் கம்பிப் பிரஷால் தேய்த்தாள். தின்னர் பட்ட விரல்கள் வெளுத்து எரிந்தன. லயத்துப் படிவரை தேய்த்துக்கொண்டே போனவள் அங்கே நின்று நிமிர்ந்தாள்.

"நம்ம வாசல் வரைக்கும் போட்டிருக்காங்க, பாத்தீங்களாக்கா?"

ஜீவராணி அந்தப் படியைப் பார்த்தாள். தின்னர் போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அடைமழைக் காலம் வந்தது. ஒருநாள் காலை காற்று அசையவே இல்லை. மூடுபனி தரையோடு படுத்துக் கிடந்தது. ஜீவராணியின் பக்கத்துத் தராசில் குழாய் கழுத்தோடு பிய்த்துக்கொண்டு போனது. வெள்ளைப் புகை மாதிரி எரிவாயு பீய்ச்சி அடித்தது. அவள் பாய்ந்துபோய்ப் பெரிய திருகைப் பிடித்தாள். துருவேறிய திருகு அசையவில்லை. கூட வேலை செய்யும் பணிய லயத்து ஆண்டியப்பனும் ஓடிவந்து பிடித்தார். இரண்டு பேரும் தொங்கினார்கள்.

"பெற்றீசியா! அடுப்ப அணை! ஓடு!"

பனி ஜீவராணியின் குரலை விழுங்கிக்கொண்டது. திருகு மூடியபோது கான் முழுக்க நிறைந்துவிட்டிருந்தது. கொட்டில் அடுப்பில் பற்றிய நீல நெருப்பு ஒன்று கானுக்குள்ளே நாக்கை நீட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடியதை ஜீவராணி கண்ணால் பார்த்தாள். பிறகுதான் சத்தம் கேட்டது. கொட்டிலின் தகரக் கூரை எழும்பித் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது.

பெற்றீசியா நடந்து வந்தாள். ஓடவில்லை. கையிரண்டையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு, யாரோ அவளைக் கூப்பிட்டது மாதிரி நடந்து வந்தாள். சீலை இல்லை. நனைந்த சாக்கைப் போர்த்தி எடுத்தபோது தோலும் சாக்கோடு வந்தது.

வாசலில் முதலாளியின் வாகனம் நின்றது. அதில் அவளை ஏற்றலாமா என்று டிரைவர் முதலாளியிடம் போனில் கேட்டான். "சீட்டெல்லாம் நாசமாயிரும். லொறியில ஏத்தி அனுப்பு" என்ற குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. லொறிக்கார ஷிஹாம் அவளைத் தன் கேபினில் படுக்கவைத்து, அந்த வளைவுகளையெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான். கண்டி ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போயிற்று. பிரேதப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அடக்கம் முடிந்த மாலையில் செல்லசாமி லயத்துக்கு வந்தார். பெற்றீசியாவின் புருஷன் சிறில் காம்பரா வாசலில் குந்தியிருந்தான். முதலாளி அவன் தோளில் கை வைத்தார்.

"அவதான் அடுப்புல மண்ணெண்ண ஊத்துனா, அதான் பத்திக்கிச்சுன்னு பொலிஸ்ல சொல்லிரு சிறில். ஒனக்கு டவுன்ல என் ஸ்டோர்ல வேல இருக்கு. தங்க ரூமும் இருக்கு. செத்தவ திரும்பி வரப்போறதில்ல."

சிறில் தரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"ஐயா, கேஸ் ஓடினத நாங்க பாத்தோம்" என்றாள் ஜீவராணி.

"கொட்டில் கோட்டுக்கு வெளியிலதானே இருந்திச்சு? வெளியில எப்பிடிக் கேஸ் வரும்?"

"கோட்ட அழிக்கச் சொன்னது நீங்க. கோட்டத்தான் அழிச்சோம். கேஸுக்கு அது தெரியல."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். பிறகு சிரித்தார்.

"சரி புள்ள. நீயே சொல்லிட்ட. மஞ்சளுக்குள்ளதான் இந்த லயமும் வருது. எஞ்சினியரே ஆபத்தான எடம்னு சொல்லிருக்காங்க. ஆபத்தான எடத்துல ஆளுங்கள வச்சிருந்தா நான்தான் ஜெயிலுக்குப் போகணும். தோட்டத்துத் தொரைகிட்டப் பேசிட்டேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாக் காம்பராவையும் காலி பண்ணிருங்க. ஒங்க உயிருக்காகத்தான் சொல்றேன்."

ஆண்டியப்பன் கும்பிட்ட கையோடு முன்னால் வந்தார். "எங்கங்க ஐயா போறது? பாட்டன் காலத்துலேருந்து இங்கதான் கெடக்குறோம். கேஸ வேற பக்கம் கொண்டுபோகலாமே?"

"கேஸ எடுத்தா லைசன்ஸ் எடுக்கணும், காணி தேடணும், கட்டணும். ஆளுங்கள எடுக்கிறது லேசு."

வாகனம் போன பிறகும் அந்தச் சொல் லயத்து வாசலில் கிடந்தது. ஆண்டியப்பனின் கைகள் இன்னும் கும்பிட்டபடியே இருந்தன. ஜீவராணி போய் அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டாள்.

"நாம கேஸ்கிட்டப் போகலண்ணே. அதுதான் நம்மகிட்ட வந்திச்சு. நாம ஏன் போகணும்? நாளைக்கு வேலய நிறுத்திட்டுப் பாதயில ஒக்காருவோம்."

"வேலய நிறுத்திட்டா நம்ம வீட்ல எரியிற அடுப்பும் அணைஞ்சு போகுமே, புள்ள."

"பெற்றீசியாவோட அடுப்பு அணையாமத்தானே அவள எரிச்சிச்சு?"

கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு பெண் விம்மினாள். பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை சிலிண்டர் உருளும் சத்தம் கேட்கவில்லை. தொழிற்சாலைக்கு ஏறும் பாதையில் பணிய லயம் முழுவதும் குறுக்கே உட்கார்ந்திருந்தது. மேல் லயத்திலிருந்து கொழுந்து பறிக்கப் புறப்பட்ட பெண்கள் கூடையை இறக்கிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பஜாரில் கடை வைத்திருந்த உம்மு குல்சும் ஒரு பெரிய கேத்தல் தேத்தண்ணியோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்.

சிலிண்டர் ஏற்றிய லொறி வந்து நின்றது. செல்லசாமி மேலேயிருந்து கத்தினார்.

"ஷிஹாம்! ஹோர்ன் அடிச்சிக்கிட்டே வா! எந்திரிச்சு ஓடிருவாளுக!"

ஷிஹாம் என்ஜினை நிறுத்தினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே குதித்தான்.

"பெற்றீசியாவ ஏத்திக்கிட்டுப் போனவன் நான். இந்த லொறிய நான் மேல ஏத்த மாட்டேன் மொதலாளி."

கீழே, முதல் வளைவில், பொலிஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. பெண்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டார்கள். ஜீவராணி ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில் இறுக்கமாக உட்கார்ந்தாள்.

ஜீப்புக்கு முன்னால் ஒரு ஆள் குறுக்குப் பாதையால் ஏறி வருவது தெரிந்தது. சிறில்தான். விடியும் முன்பே அவன் பொலிஸ் நிலையத்துப் பக்கம் இறங்கிப் போனதைப் பார்த்திருந்தார்கள். என்ன சொல்லப் போகிறான் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவன் ஜீவராணியின் முன்னால் வந்து நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"நடந்தத நடந்தபடி சொல்லிட்டேன்க்கா" என்றான். பெற்றீசியா போன பிறகு அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "பொலிஸ்ல எழுத மாட்டேன்னாங்க. எழுதுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு அங்கேயே ஒக்காந்துட்டேன். எழுதினாங்க."

ஜீப் கடைசி வளைவைத் திரும்பியது.

"கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி, சிறில் அவளுக்கும் ஆண்டியப்பனுக்கும் நடுவில் உட்கார்ந்தான்.