ஒரு கிலோ கல்

போட்டிக்கு வரும் துப்பாக்கிகளைச் சோதிப்பது என் வேலை. காலித் துப்பாக்கியின் விசையில் ஒரு கிலோ கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவேன். விசை விழாமல் அந்த எடையைத் தாங்க வேண்டும். என் மனைவியின் தம்பி விசை லேசாகட்டும் என்று உள்ளே அரத்தால் ராவி மாற்றியிருந்த துப்பாக்கி, கல் மேசையை விட்டுக் கிளம்புமுன்பே ‘டிக்’ என்றது.

“செல்லாது. இது தொடாமலே வெடிக்கும். எடுத்துட்டுப் போ.”

“சொந்த மச்சானுக்கே ஆப்பு வைக்கிறீங்களா?” என்று சட்டையைப் பிடித்தான். ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. வெறியில் தோட்டாவைத் திணித்து, “இது என்ன, தானா வெடிச்சிடுமா? பாருங்க!” என்று துப்பாக்கியை மேசையில் அடித்தான்.

குண்டு என் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு சுவரில் பாய்ந்தது. மேசையெல்லாம் ரத்தம்.

“மாமா, நான் ட்ரிக்கரைத் தொடவே இல்ல!” என்று அலறினான்.

“அதைத்தான்டா நானும் சொன்னேன்.”