புற்று என்று பெயரில்லாத கட்டி

டாக்டர் லியாவ் வெய்ச்சன் நோயியல் துறைக்குப் போனதே நோயாளிகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்பதால்தான். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் அவளிடம் வரும். நுண்ணோக்கியில் பார்த்து, இது சாது, இது கொடியது என்று பெயர் எழுதி அனுப்புவாள். கூட இருந்த இன்னொரு டாக்டர் தைபேக்கு மாறிப்போனதிலிருந்து, கீலுங் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஆஸ்பத்திரியில் பெயர் வைக்கிற வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது. சாயங்காலமானால் கண் எரியும். கழுத்தைத் திருப்ப முடியாது.

மத்தியானம் மட்டும் கோயில் சந்தில் சூச்சின் அக்கா கடையில் மீன் உருண்டை சூப் குடிப்பாள். மழை விடாமல் பெய்த ஒரு நாள், கேட்காமலே அவள் கிண்ணத்தில் உருண்டைகள் கூடுதலாக விழுந்தன. என்ன விசேஷம் என்று கேட்டாள்.

சூச்சினின் புருஷன் கிம்லாய்க்குத் தொடையில் கட்டி. போன மாதம் எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பி, முடிவும் வந்துவிட்டதாம்.

“கேன்சரா இருக்குமோன்னு தூக்கமே போச்சு டாக்டர். கடைசில பார்த்தா வெறும் சதைக்கட்டி. கொழுப்புச் சதைக்கட்டின்னு எழுதியிருக்காங்க. இந்த மனுஷன் தின்ன பன்றிக்கறிக்கு வேற என்ன வரும்?”

பின்னால் மீன் அரைத்துக்கொண்டிருந்த கிம்லாய் சிரித்தார். மறுபடி வரச் சொல்லியிருந்தார்களாம். காயந்தான் ஆறிவிட்டதே, மழையில் எதற்கு அலைய வேண்டும் என்று அவர் போகவில்லை.

லியாவ் பாதிக் கிண்ணத்தோடு எழுந்தாள். அந்தப் பெயரை எழுதியவளே அவள்தான். சீட்டில் இருந்த பெயருக்கும் இந்தக் கடைக்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கொழுப்புக்கட்டி என்றால் சாது. நடுவில் ‘சதை’ என்ற ஒரு சொல் சேர்ந்தால் அது வேறு இனம். தோலிலும் உள்ளுறுப்புகளின் படலத்திலும் பிறக்கிற கொடிய கட்டிக்குத்தான் புற்று என்று பெயர். கொழுப்பிலோ தசையிலோ எலும்பிலோ பிறந்தால், ஆளையே கொன்றாலும் அதற்குச் சதைக்கட்டி என்றுதான் பெயர். டாக்டர்களுக்கு இதில் குழப்பமில்லை. கிம்லாயின் கட்டியோ வேகமாகப் பரவும் வகை. வெட்டிய ஓரத்தில் மிச்சமும் இருந்தது.

திரும்பிப் போய் அறுவை மருத்துவர் கூவுக்குப் போன் செய்தாள். பெயரைச் சொன்னேன், தேதி கொடுத்தேன், நர்ஸும் கூப்பிட்டுப் பார்த்தாள், வராதவரை வீடு தேடிப்போய் இழுத்துவர முடியுமா என்றார் அவர். அவர் குரலும் ஓய்ந்துபோயிருந்தது.

“புற்றுநோய்னு சொன்னீங்களா?”

“சதைக்கட்டின்னு சொன்னேன். அதுதானே பேரு?” காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னா நீங்களே பேசிப் பாருங்க. நாளைக்கு வந்தா நான் பார்க்கிறேன்” என்றார்.

கடை கட்டும் நேரத்தில் மறுபடி போனாள். நோயாளியிடம் நேரில் இப்படிச் சொல்லி எத்தனையோ காலமாயிற்று. சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

“அண்ணே, அது புற்றுநோய்தான். பேர்ல அந்த வார்த்தை இல்ல, அவ்வளவுதான்.”

கிம்லாய் உலர்ந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சூச்சின்தான் பேசினாள்.

“அப்போ புற்றுன்னே எழுதித் தொலைக்கிறதுதானே? நாங்க என்ன பரீட்சை எழுதவா வந்தோம்?”

லியாவிடம் பதில் இருந்தது. எந்தத் திசுவில் பிறந்தது என்று பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள், உலகம் முழுக்க அதுதான் முறை. அதை அந்த ஈரத் தரையில் நின்று அவள் சொல்லவில்லை.

“சீட்டை எழுதினது நான்தான் அக்கா, அந்தப் பேரு நான் உண்டாக்கினதில்ல. ஆனா உங்களுக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லியிருக்கணும்.”

“கால் போயிடுமா?” என்றார் கிம்லாய்.

“தெரியல. நாளைக்கே வாங்க.”

“நாளைக்கு மீன் சொல்லி வச்சிருக்கேனே.”

“மீன் கிடக்கட்டும்” என்றாள் சூச்சின்.

இரண்டாவது அறுவையில் கால் தப்பியது. தொடைச்சதையில் பெரும்பங்கு போனது. வெட்டியெடுத்த துண்டு லியாவிடமே வந்தது. ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சந்தேகப்பட்டு மறுபடியும் பார்த்தாள். எங்கும் மிச்சமில்லை. நுரையீரல் படமும் இப்போதைக்குச் சுத்தம். சந்தோஷம் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு நுண்ணோக்கிக்கு அடுத்த கண்ணாடித் தட்டை இழுத்தாள்.

அதிலிருந்து, சதைக்கட்டி என்று எழுத நேரும்போதெல்லாம் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘இதுவும் புற்றுநோயே; நோயாளியிடம் அப்படியே சொல்லவும்.’ டாக்டர்களுக்கு டாக்டர் பாடம் எடுக்கிறாளா என்று டாக்டர் கூ முணுமுணுத்தார். அவள் நிறுத்தவில்லை.

கிம்லாய் கைத்தடியோடு கடைக்குத் திரும்பினார். கதிர்வீச்சுச் சிகிச்சையில் தொடைத் தோல் கருகி, உட்கார்ந்தபடியே மீன் அரைத்தார். சூச்சின் லியாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிண்ணத்தை வைப்பாள், போய்விடுவாள். ஆனால் சந்தில் யாரிடமோ என்னவோ சொல்லியிருக்கிறாள். ஒரு மத்தியானம் நண்டு விற்கிறவள் தன் தங்கையின் பரிசோதனைச் சீட்டோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பழக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருத்தி, எல்லார் கையிலும் காகிதம்.

லியாவ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவங்க மொதல்ல சாப்பிடட்டும். யாரும் பக்கத்துல வராதீங்க” என்றாள் சூச்சின், கரண்டியை எடுத்து அவள் கையில் திணித்தபடி.

லியாவ் சூப்பை முடிந்தவரை மெதுவாகக் குடித்தாள்.