கூண்டு வண்டியின் எடை

கோல்ஹாபூரில் பன்ஹாளா போகும் சாலையிலிருக்கும் பொறியியல் கல்லூரியின் பணிமனைக்குப் பின்னால், புங்க மரத்தடியில் நின்றிருந்த ஒற்றை இருக்கை வண்டி, டிராக்டர் டிரெய்லர் நிறையக் கரும்பு ஏற்றினால் என்ன எடை வருமோ அந்த எடை இருந்தது. கட்டி முடித்த புதிதில் நாலு பையன்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, பேச்சைக்கூட நிறுத்தாமல் தூக்கிப் போவார்கள். அதன் பிறகு ஒரு போல்ட்கூட அதில் சேர்க்கப்படவில்லை. சொல்லப்போனால் என்ஜினையும் சக்கரங்களையும் அடுத்த வருடத்துப் பிள்ளைகள் கழற்றிக்கொண்டு போய்விட்டதால், மிஞ்சியது வெறும் குழாய்க் கூண்டும் ஓர் இருக்கையும்தான். உத்யம்நகர் தொழிற்பேட்டையிலிருந்து வந்த கிரேன்காரர் கொக்கியில் தொங்கும் தராசில் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். எடையைச் சொன்னார், கயிறு அறுவதற்குள் இறக்கினார், பிறகு இந்த வருடம் கரும்பு எப்படி என்று பணிமனை ஆசிரியர் ஜாதவ் சாரை விசாரித்தார்.

வண்டி கட்டிய வருடம் அணிக்குத் தலைவன் அபிநந்தன் சௌகுலே. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் அந்த வண்டிப் போட்டிக்குப் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டும். ஓட்டுபவரைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூண்டுக்குச் சட்டம் இன்னும் கறார். கூண்டை வெல்டிங் செய்த அதே கைதான் மாதிரித் துண்டுகளையும் செய்ய வேண்டும். நடுவர்கள் அந்தத் துண்டுகளில் ஒன்றை அறுத்துப் பார்ப்பார்கள், இன்னொன்றைப் பிய்யும்வரை இழுப்பார்கள். குழாய் கிழிந்தால் நல்லது, ஒட்டு விட்டால் வீட்டுக்குப் போகலாம். அணியில் அந்தக் கை ருதுஜா காம்பளேயினுடையது. அவள் வைத்த வெல்டிங் கோடு, காசுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கியதுபோல இருக்கும். கிரைண்டரை அதன் பக்கம் கொண்டுபோகவே விடமாட்டாள். தேய்த்தால் பலம் போய்விடும் என்பது ஒரு காரணம், அழகு போய்விடும் என்பது அவள் வெளியே சொல்லாத காரணம்.

வண்டியை லாரியில் ஏற்றுவதற்கு முந்தைய நாள் பக்கத்து ஊரான காகலில் ருதுஜாவின் அண்ணனுக்குக் கல்யாணம். அணி மொத்தமும் சாப்பிடப் போய்விட்டது. பின்னால் வருகிறேன் என்று அபிநந்தன் மட்டும் தங்கினான். தங்கியவன் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்தான். ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வரும் குழாய் என்ஜின் மூடியில் உரசியது. ருதுஜாவைக் கூப்பிட்டிருந்தால் பட்டுப்புடவையோடு வந்திருப்பாள், அப்படிப்பட்டவள் அவள். ஆனால் தலைவனுக்கு ஒரு குழாயை அறுத்து ஒட்டத் தெரியாதா என்ற எண்ணம் அவனுக்கு. அறுத்தான், ஒட்டினான். ஒட்டு காக்கை எச்சமாக வந்தது. கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, கறுப்புப் பெயிண்டும் அடித்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போய் மட்டன் ரஸ்ஸாக் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். அன்றைக்கு அவனுக்கு நன்றாகவே பசித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை அணியின் வழக்கப்படி தாலீமிலிருந்து செம்மண் வந்தது. தாலீம் என்றால் மல்யுத்தம் பழகும் கூடம். மஞ்சளும் மோரும் எண்ணெயும் ஊற்றிப் பிசைந்த அதன் மண்ணைத் தொட்டு கோல்ஹாபூரில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், அரசியல்வாதிகள் உட்பட. மண்ணைக் கொண்டுவந்தவன் சங்கிராம். வண்டியை ஓட்டப்போகிறவனும் அவனே, அந்தத் தாலீமில் வளர்ந்த பையனும் அவனே. வரும் பருவத்தில் பெரிய குஸ்தி ஒன்றில் இறங்குவதாக இருந்தான். சக்கரங்களுக்கு மண் பூசிவிட்டு, ஒவ்வொருவராக மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து, “என் கையால இந்த வண்டியில ஒரு குறையும் இல்ல” என்றார்கள். ருதுஜா சொன்னாள். அபிநந்தனும் சொன்னான்.

போட்டி மைதானத்துத் தராசில் வண்டி வீட்டில் பார்த்ததைவிட ஒரு மூட்டைச் சர்க்கரை அளவு கூடுதலாகக் காட்டியது. தராசு சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அபிநந்தன் கொஞ்சம் உரக்கவே சொன்னான். மாதிரித் துண்டை இழுத்தபோது குழாய்தான் கிழிந்தது. நடுவர் ருதுஜாவின் கையைக் குலுக்கினார். நீண்ட ஓட்டத்தில் மூன்றாவது மணி நேரம், ஒரு பாறைச் சரிவில் வண்டி பக்கவாட்டில் உருண்டது. அப்படி உருளத்தான் கூண்டே. எல்லா ஒட்டும் நின்றது. இடது தோளுக்குப் பின்னாலிருந்த ஒட்டு மட்டும் விட்டது. குழாய் உள்ளே மடங்கி சங்கிராமின் முழங்கையை நசுக்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை. கை மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. அந்தக் கையால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கலாம், ஆளைப் பிடிக்க முடியாது.

யார் வெல்டிங் என்று நடுவர் கேட்டபோது எல்லோரும் ருதுஜாவைப் பார்த்தார்கள். அவள் பிளந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இத யாரோ தேச்சிருக்காங்க. நான் தேய்க்கவே மாட்டேன்.”

“சரியா வராததத் தேச்சு மறச்சிட்டு, சரியா வந்தத மாதிரித் துண்டுன்னு காட்டியிருப்ப,” என்றார் ஜாதவ் சார். கெட்ட மனிதர் இல்லை, களைத்துப்போயிருந்தார். “ஒத்துக்கோம்மா. யாரும் உன்ன அடிக்கப் போறதில்ல.”

“செய்யாதத எப்படி சார் ஒத்துக்கறது?”

பின்னாலிருந்து ஒருவன், “காம்பளே பொண்ணு கையில கூண்டக் குடுத்தப்பவே நான் நெனச்சேன்” என்றான். அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லி எந்தச் சாதியைச் சொல்ல வந்தான் என்பது கோல்ஹாபூரில் எல்லோருக்கும் தெரியும். அபிநந்தனுக்கும் தெரியும். அவன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். அவன் வாழ்நாளில் செய்த மிக மோசமான காரியம் அந்த ஒட்டு அல்ல, இந்தக் கயிறு.

திரும்பி வரும்போது லாரிக்காரர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார், வண்டிக்குள் என்ன ஈயத்தையா ஊற்றி வைத்திருக்கிறீர்கள் என்று. புங்க மரத்தடியில் இறக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். ஹோலிக்குள் பன்னிரண்டு பேராலும் அசைக்க முடியவில்லை. முதல் மழைக்கு மண்ணில் இறங்க ஆரம்பித்தது. கல்லூரி முதல்வர் ஒரு குழு அமைத்தார். குழு கூடிப் பேசி, வண்டி கனமாக இருக்கிறது என்று முடிவு செய்தது. அதன் பிறகு யாரும் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ஆண்டு விழாப் பந்தலின் கயிறுகளை அதில்தான் கட்டினார்கள். புயல் மழையில் ஊரெல்லாம் பந்தல் பறந்த வருடம் கல்லூரிப் பந்தல் மட்டும் நின்றது. பெண் பிள்ளைகளிடம் வெல்டிங் கொடுப்பதில்லை என்றொரு எழுதாத சட்டமும் அணியில் வந்து சேர்ந்தது. ருதுஜா மின்வாரியத் தேர்வு எழுதி இச்சல்கரஞ்சியில் புகார் மனு வாங்கும் மேசைக்குப் போனாள். சங்கிராம் அப்பாவின் பால் வியாபாரத்துக்குப் போனான். அபிநந்தன் புணேவில் கார் கம்பெனியில் சேர்ந்து, கூண்டுகளின் பலத்தைக் கணினியில் சரிபார்க்கும் வேலையில் நல்ல பெயர் வாங்கினான்.

வருடா வருடம் கருவிகளுக்குப் பூஜை போடும் கண்டே நவமியன்று அவன் தவறாமல் வந்தான். வண்டியை ஒருமுறை சுற்றி வருவான், தோள் குழாயில் கை வைப்பான், பிறகு சங்கிராமைக் கூட்டிக்கொண்டு, முளைப்பயற்றில் காரக் குழம்பு ஊற்றித் தரும் மிசல் சாப்பிடப் போவான். பழசை மறக்காத பையன் என்று ஊர் மெச்சியது. ஒவ்வொரு மெச்சலுக்கும் வண்டி ஒரு விரற்கடை இறங்கியது. அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் வந்தான், சொல்லத்தான் வந்தான். ஒவ்வொரு முறையும் காரக் குழம்பு முதலில் வந்துவிடும், சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமலே புணேவுக்குத் திரும்பிவிடுவான்.

பிறகு ஒரு வருடம் வண்டி மண்ணுக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய்வரை இறங்கிவிட்டது. பூஜை முடிந்ததும் கேஸ் கட்டரால் துண்டு போட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அதைக் கேள்விப்பட்டு ருதுஜாவும் வந்திருந்தாள். சாமந்தி மாலை போட்ட டிரில்லிங் மெஷினையும் லேத்தையும் தாண்டி நேராக மரத்தடிக்குப் போய், மண்டியிட்டு அந்தப் பிளந்த ஒட்டைப் பார்த்தாள்.

“என்ன தேடற?” என்றான் சங்கிராம். அவன் அவளைக் குற்றம் சொன்னதில்லை, ஆனால் விபத்துக்குப் பிறகு அதுவரை அவளோடு பேசியதும் இல்லை.

“கடைசியா ஒரு தடவ பாத்துக்கறேன். நான் இல்லன்னு அன்னிக்கு அவ்ளோ உறுதியா சொன்னேன். எல்லாரும் சொல்லிச் சொல்லி, என் கைதானோன்னு இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இதையும் வெட்டிட்டா இனிமே தெரிஞ்சுக்கவே முடியாது.”

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வேறு யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அதைப் பார்த்த பிறகு, வழக்கம்போல வந்திருந்த அபிநந்தனால் சும்மா நிற்க முடியவில்லை. “உன் கை இல்ல,” என்றான். “என்னோடது. உங்க அண்ணன் கல்யாணத்தன்னிக்கு அறுத்து ஒட்டுனேன். நான்தான் தேச்சேன். மண்ணத் தொட்டுப் பொய் சொன்னேன்.” ஜாதவ் சார், பிள்ளைகள், கட்டரோடு வந்தவர் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னான்.

சங்கிராம் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று அபிநந்தனுக்கு இருந்தது. “இத்தன வருஷமா எனக்கு எதிர்ல ஒக்காந்து மிசல் தின்னியேடா,” என்று மட்டும் சொன்னான். “எப்படிடா எறங்கிச்சு?”

ருதுஜா கேட்டது வேறு. “இந்த வண்டி லேசாகணும்னு சொன்னியா, இல்ல எனக்குத் தெரியணும்னு சொன்னியா?”

“தெரியல,” என்றான். அதுவும் உண்மைதான்.

யாரோ சும்மா கூண்டைத் தள்ளிப் பார்த்தார்கள். அது கயிற்றுக் கட்டில்போல மண்ணிலிருந்து எழும்பி வந்தது. இரண்டே பேர் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கட்டர்காரர் தேவையில்லாமல் வந்துவிட்டோமே என்று கிளம்பினார். அபிநந்தன் மட்டும் நின்ற இடத்தில் கணுக்கால்வரை மண்ணில் இறங்கியிருந்தான். காலை உருவி எடுத்து அடுத்த அடி வைத்தான், அதுவும் இறங்கியது.

ஆள் அதே ஒல்லி ஆள்தான். ஆனால் புணே அலுவலகத்து லிஃப்ட் அவனை ஏற்ற மறுத்தது. மாடிப்படி விரிசல் விட்டது. அவன் வேலையை விட்டு ஊருக்கு வந்து, உத்யம்நகரில் தரைத்தளத்தில் இயங்கும் ஒரு வார்ப்படச் சாலையில் சேர்ந்தான். டயர் வெடிக்கும் என்பதால் ரிக்‌ஷாக்காரர்கள் அவனை ஏற்றுவதில்லை. அதைக் கோபமில்லாமல் சொல்வார்கள், அவனும் கோபமில்லாமல் நடப்பான். மழைக்காலத்தில் தார்ச்சாலை ஓரமாக ஆழமாய்ப் பதிந்த காலடிகளைக் கண்டால், சௌகுலே இந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று பள்ளிப் பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் போனார்கள். அவன் அம்மா மட்டும் கொஞ்ச காலம் வைத்தியர்களிடம் அழைத்துப் போனாள். பிறகு அவளும் அவன் படுக்கக் கருங்கல் பலகை வாங்கிப் போட்டாள்.

மிசல் கடையில் ஸ்டூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. “தரை நல்ல கல்லுதான், நின்னுகிட்டே சாப்பிடுங்க சார்,” என்றார் கடைக்காரர். எதிரில் சங்கிராம் உட்கார்ந்து சாப்பிட, இவன் நின்று சாப்பிட்டான். ஏறக்குறைய ஒரு வருடம் சங்கிராம் அவனோடு பேசாமலே சாப்பிட்டான். ஆனாலும் அதே மேசைக்குத்தான் வந்தான்.

ருதுஜா வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள். விடுமுறை நாட்களில் இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஒரு நாற்காலியை இறக்கினாள். பழைய கூண்டின் குழாயில் செய்தது. தோளுக்குப் பின்னாலிருந்த அந்தக் குழாயே முதுகுச் சட்டமாக வந்திருந்தது. ஓர் ஒட்டுகூடத் தேய்க்கப்படவில்லை, பெயிண்டும் இல்லை. எல்லாக் கோடுகளும் வரிசை வரிசையாக வெளியே தெரிந்தன.

“மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத,” என்றாள். “என் வெல்டிங் நிக்குதான்னு நான் பாக்கணும். ஒக்காரு.”

அபிநந்தன் தட்டை மேசையில் வைத்தான். பயந்து பயந்து, கைகளை ஊன்றி, மெல்ல உட்கார்ந்தான். கடையில் எல்லோரும் கரண்டியை நிறுத்தினார்கள். தரைக்கல் லேசாக முனகியது. நாற்காலி முனகவில்லை. ருதுஜா குனிந்து நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு தன் வலது கையைப் பார்த்தாள், அது அவளுடைய கையாக இருந்தது. தனக்கும் ஒரு மிசல் சொன்னாள். சங்கிராம் மடங்கிய கையால் காரக் குழம்புக் கிண்ணத்தை அபிநந்தன் பக்கம் தள்ளிவிட்டு, “ஊத்திக்கோ, ஆறிடும்” என்றான்.

அபிநந்தன் இன்றும் அங்கேதான் சாப்பிடுகிறான். எடை குறையவில்லை. அவன் சாப்பிட்டுப் போன பிறகு, கடைக்காரர் அந்த நாற்காலியை ஒரு கையால் தூக்கி மூலையில் வைத்துவிட்டுத் தரையைப் பெருக்குகிறார்.