ஐஸ் வாளிக்குள் மேலாளரின் எண்ணெய்

"இன்று காலை பத்து மணிக்கு நம் ஆலையில் வரலாறு நிகழும். ஊழியர்கள் அனைவரும் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு வரவும்."

அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டியவர் எங்கள் மேலாளர். கச்சா எண்ணெயிலிருந்து என்ஜின் ஆயில் எடுக்கும் ஆலை எங்களுடையது. புது எண்ணெயைப் பார்க்கக் கொள்முதல்காரர் வருகிறார். அவருடையது பனி கொட்டும் மலைப்பாதைகளில் லாரி ஓட்டும் கம்பெனி. அவர் தலையசைத்தால் மேலாளர் துணைத் தலைவர் ஆவார். அந்தப் பதவிக்கான பெயர்ப் பலகையை முன்கூட்டியே செய்து வாங்கி இழுப்பறைக்குள் வைத்திருந்தார். தினமும் கைக்குட்டையால் துடைப்பார்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தாயிற்று, கசடும் நீக்கியாயிற்று. மிச்சம் மெழுகுதான். எண்ணெயை நிதானமாகக் குளிரவைத்தால் கரைந்திருக்கும் மெழுகு திரளும், வடிகட்டிவிடலாம். ஆனால் நிதானத்துக்கும் மேலாளருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குளிர்விக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய தங்கை கணவர். முந்தின நாளே மேலாளர் அவரிடம் போய் நின்றார்.

"போதும் மாப்ளே, வடிகட்டு."

"இன்னும் பதினெட்டு டிகிரி இறங்கணும் மச்சான்."

"ஆலைக்குள்ள மச்சான் கிடையாது. சார்."

"அப்ப மாப்ளேயும் கிடையாது சார்."

"வடிகட்டுய்யா!"

வடிகட்டினார்கள். ஆய்வகத்து அம்மா அந்த எண்ணெயைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குளிரவைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஆறு டிகிரியிலயே உறைஞ்சு போயிடுது சார். மைனஸ் பன்னெண்டுலயும் ஓடணும்னு கேட்டிருக்காங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேலாளர் அந்த எண்ணெய் நிரப்பிய குப்பி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நிறத்தைப் பாரும்மா. தேன் மாதிரி தகதகன்னு இருக்கு. இதுக்கு எதுக்கு உன் கையெழுத்து?"

"தேனையும் ஃப்ரிட்ஜ்ல வச்சுப் பாருங்க சார்."

காலை பத்து மணிக்கு வரலாறு தொடங்கியது. மேலாளர் மைக்கைப் பிடித்து, பூமி தோன்றிய காலத்திலிருந்து ஆரம்பித்தார். டைனோசார்கள் சாகும் கட்டத்தில் கொள்முதல்காரர் கொட்டாவி விட்டார். மேசையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துப் புரட்டியவர், குளிர்பானங்களுக்கு வைத்திருந்த ஐஸ் வாளிக்குள் அதைச் செருகினார். தம் எண்ணெய்க்கு விருந்தினர் மரியாதை கிடைத்துவிட்டதாக நினைத்து, மேலாளர் பேச்சை இன்னும் அரை மணி நேரம் நீட்டினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் கொள்முதல்காரர் குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து, காலித் தம்ளருக்கு மேல் கவிழ்த்தார். எதுவும் விழவில்லை. அடியில் தட்டினார். ஊஹூம்.

"பாத்தீங்களா சார்!" மேலாளர் குரல் தழுதழுத்தது. "ஒரு சொட்டு சிந்தாது! அவ்வளவு தரம்!"

"என்ஜினுக்குள்ளயும் இப்படியேதான் நிக்குமா?"

மேலாளரின் கண்கள் கூட்டத்தைத் துழாவி, ஒருவர் மேல் நின்றன. "மாப்ளே..."

"ஆலைக்குள்ள மாப்ளே கிடையாது சார்."

கொள்முதல்காரர் குப்பியை வாளிக்கே திருப்பி அனுப்பிவிட்டு எழுந்தார். "ஆய்வகத்துல யார் கையெழுத்து போடறது? நீங்களாம்மா? போட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

பெயர்ப் பலகை இழுப்பறையிலேயே இருக்கிறது. இப்போது யாரும் துடைப்பதில்லை. எண்ணெயை மறுபடி குளிரவைத்து மெழுகைப் பிரித்தோம். பதினொரு மணி நேரம் ஆனது. எப்போதும் அவ்வளவுதான் ஆகும்.